தலைவலி: முதலில் கதை, பிறகு கணக்கு, அப்புறம்தான் மாத்திரை

மதுரையில் நாள்பட்ட தலைவலிக்காரர் சுற்றிவரும் பாதை ஏறக்குறைய ஒன்றேதான். முதலில் கண். அண்ணா நகர் அரவிந்தில் சொட்டு மருந்து விட்டு அரை நாள் உட்கார்ந்து, "பவர் பெரிசா ஒண்ணுமில்ல" என்ற சீட்டோடு வருவார். அடுத்து மூக்கு: "சைனஸா இருக்கும்" என்று யாராவது சொல்ல, ஓர் எக்ஸ்ரே. அப்புறம் பிரஷர், அப்புறம் கழுத்தெலும்பு, அப்புறம் பித்தம் என்று வீட்டில் காய்ச்சும் கஷாயம், இடையில் ஒரு வெள்ளிக்கிழமை மிளகாய் சுற்றிப் போடுவது. கடைசியில் கடன் வாங்கி ஒரு ஸ்கேன். பிறகு மஞ்சப்பை நிறைய ரிப்போர்ட்டுடன் என்னைப் போன்ற பொது மருத்துவர் முன்னால் வந்து உட்கார்ந்து, "எல்லாம் நார்மல்ங்கிறாங்க டாக்டர், வலி மட்டும் அப்படியே இருக்கு" என்பார்.

நார்மலாகத்தான் இருக்கும். அடிக்கடி வந்து போகும் தலைவலிகளில் பெரும்பாலானவை முதல்நிலைத் தலைவலிகள். அவற்றில் வலிதான் நோய். பின்னால் கட்டியோ சீழோ ஒளிந்திருக்காது, அதனால் படத்தில் எதுவும் விழாது. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியுள்ள உறைகளும் ரத்தக் குழாய்களும், அவற்றிலிருந்து செய்தி கொண்டுபோகும் முக்கிளை நரம்பும்தான் வலியைக் கிளப்புகின்றன. அந்த நரம்பு மண்டலம் சிலருக்குப் பிறவியிலேயே சட்டென்று கிளர்ந்துவிடும் தன்மை கொண்டது. ஸ்கேன் காட்டாததை நோயாளி சொல்லும் கதை காட்டும். அந்தக் கதையை எப்படிச் சொல்வது, எதை எண்ணுவது, எந்த மருந்தை எப்போது எடுப்பது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: இது உடனே ஓட வேண்டிய தலைவலியா?

வேறு நோயால் வரும் இரண்டாம்நிலைத் தலைவலிகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் தவறவிட்டால் உயிர் போகும். ஆகவே பெயர் தேடுவதற்கு முன்னால் இந்தக் கேள்விகள்.

வலி இடி விழுந்தாற்போல வந்ததா? ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, "வாழ்நாளில் இப்படி வலிச்சதில்ல" என்று சொல்ல வைக்கும் வலி மூளையைச் சுற்றி ரத்தம் கசிவதாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள். நேராகச் சிடி ஸ்கேன் வசதியுள்ள இடத்துக்குப் போக வேண்டும். பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனை, இதற்கு எந்நேரமும் திறந்திருக்கிறது. ரத்தக் கசிவு முதல் 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் சிடியில்தான் மிகத் தெளிவாகத் தெரியும். "காலையில பாத்துக்கலாம்" என்று இரவைக் கழிக்கக் கூடாது.

காய்ச்சலோடு கழுத்து விறைத்து, தாடையை நெஞ்சுக்குக் கொண்டுவர முடியவில்லையா? மூளைக்காய்ச்சல். நம் ஊரில் காசநோய்க் கிருமியாலும் இது வருகிறது. அது வாரக்கணக்கில் மெதுவாக ஏறும், லேசான சுரம், பசியின்மை, எடை குறைவு என்று ஏமாற்றும். ஒரு கை, கால், முகம் இழுத்துக்கொண்டாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, ஆள் குழம்பிப் பேசினாலோ அன்றே காட்ட வேண்டும். தலையில் அடிபட்ட பிறகு தொடங்கிய வலி, குறிப்பாக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, வாரங்கள் கழித்து வந்தாலும் கவனிக்க வேண்டியது. 50 வயதுக்கு மேல் முதன்முதலாகத் தொடங்கும் தலைவலியையும் "டென்ஷன்" என்று தள்ளிவிட முடியாது. அதோடு மெல்லும்போது தாடை வலித்து, தலை சீவும்போது நெற்றிப்பொட்டுத் தோல் கூசினால், அது அங்குள்ள ரத்தக் குழாயின் அழற்சி, பார்வையையே பறிக்கக்கூடியது. புற்றுநோயோ எச்ஐவியோ உள்ளவர், இருமினாலும் குனிந்தாலும் படுத்தாலும் வலி கூடுகிறவர், வாராவாரம் வலி ஏறிக்கொண்டே போகிறவர் எல்லோருக்கும் ஸ்கேன் தேவை. கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, வாந்தியோடு வலித்தால் அது கண்ணில் திடீரென அழுத்தம் ஏறுவது. கண் ஆஸ்பத்திரிக்கு அன்றே ஓட வேண்டிய தலைவலி அதுதான்.

இன்னும் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடுகளில் இதைத் தலைவலியோடு சேர்த்து யோசிப்பதே இல்லை. பிரசவமான முதல் சில வாரங்களில் மூளையின் சிரைகளில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம். பிள்ளை பெற்றவளுக்கு "உடம்பு ஊதும்" என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. உடலில் நீர் வற்றுவது அந்த ஆபத்தைக் கூட்டும். அதேபோல, முளைப்பாரி எடுக்க வேண்டும், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போடுவது. இந்த ஹார்மோன் மாத்திரையும் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். பச்சை உடம்புக்காரிக்கோ, இந்த மாத்திரை போடுகிறவருக்கோ புதிதாக ஒரு தலைவலி வந்து நாளுக்கு நாள் கூடினால், "தூக்கமில்ல, அதான்" என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். கர்ப்பத்தின் பிற்பாதியில் வரும் தலைவலிக்கு முதலில் பிரஷர் பார்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலித்தால் டெங்குவை நினையுங்கள். அப்போது பாராசிட்டமால் மட்டும். இபுபுரூஃபன், ஆஸ்பிரின் வகைகளைத் தொடக் கூடாது.

படி 2: கதையைச் சொல்லுங்கள்

மேலே சொன்ன எதுவும் இல்லையென்றால் அவசரம் குறைகிறது. இப்போது மருத்துவருக்கு வேண்டியது ஒரு வலியின் முழு வரலாறு. "தலைவலிக்குது" என்பது போதாது.

எத்தனை வயதில் தொடங்கியது? ஒரு தடவை வந்தால், மாத்திரை போடாவிட்டால், எத்தனை மணி நேரம் நிற்கிறது? எங்கே? தெறிக்கிறதா, அழுத்துகிறதா, குத்துகிறதா? நம் ஊர்ப் பேச்சே இதற்குப் போதுமான துல்லியம் கொண்டது. "பொட்டுல விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்கிறவரும், "தலையைச் சுத்தி இறுக்கிக் கட்டின மாதிரி இருக்கு" என்கிறவரும் இரண்டு வேறு நோய்களைச் சொல்கிறார்கள். மருத்துவமனை வார்த்தைகளுக்கு மாற்றாதீர்கள், "மைக்ரேன் இருக்கு சார்" என்று ஆரம்பிக்கவும் வேண்டாம்.

நான் கேட்கும் கேள்விகளில் அதிகம் உதவுவது இதுதான்: வலி உச்சத்தில் இருக்கும்போது என்ன செய்வீர்கள்? கதவைச் சாத்தி, லைட்டை அணைத்து, "யாரும் பேசாதீங்க" என்று சுருண்டு படுப்பவருக்குப் பெரும்பாலும் மைக்ரேன். முனகிக்கொண்டே அடுப்பு வேலையை முடித்துவிடுகிறவருக்குப் பெரும்பாலும் டென்ஷன் தலைவலி. படுக்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல், வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து சுவரில் முட்டிக்கொள்பவருக்குக் கிளஸ்டர். மூன்றையும் அடுத்த படியில் விளக்குகிறேன்.

கூட வந்தவரையும் பேச விடுங்கள். "வர்றதுக்கு முன்னாடி கொட்டாவியா விடுவா டாக்டர், எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுவா" என்று கணவர் சொல்வது நோயாளிக்கே தெரியாத முன்னறிகுறி. அம்மாவுக்கோ சித்திக்கோ இதே வலி உண்டா என்றும் கேட்பேன். மைக்ரேன் குடும்பத்தில் ஓடும்.

படி 3: எந்த வகை?

உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றுவது பன்னாட்டுத் தலைவலிச் சங்கம் 2018-இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு வகைப்பாட்டை. அதன் அளவுகோல்களில் பெரும்பாலானவை கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவை என்பதால் நீங்களே பொருத்திப் பார்க்கலாம்.

மைக்ரேன் என்று சொல்ல, குறைந்தது 5 தடவையாவது வந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும். ஒரு பக்கமாக இருப்பது, நாடித் துடிப்பு போலத் தெறிப்பது, வேலையைக் கெடுக்கும் கடுமை, மாடிப்படி ஏறினால் கூடுவது என்ற நான்கில் இரண்டு இருக்க வேண்டும். கூடவே குமட்டல் அல்லது வாந்தி. அல்லது வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து ஆகாமல் போவது. இரண்டு பக்கமும் வலித்தாலும் மைக்ரேனாக இருக்கலாம், பக்கம் மாறி மாறியும் வரலாம். குழந்தைகளுக்கு நெற்றி முழுக்க வலிக்கும், 2 மணி நேரத்திலேயே விட்டுவிடவும் செய்யும். "வாந்தி எடுத்தாத்தான் விடுது, பித்தம்தான்" என்று தலைமுறையாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் இதுவே. பித்தநீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாக்குதலின்போது வயிறு வேலைநிறுத்தம் செய்கிறது, அவ்வளவுதான். சில குழந்தைகளுக்குத் தலையே வலிக்காமல் தொப்புளைச் சுற்றி வயிற்று வலியும் வாந்தியுமாக விட்டுவிட்டு வரும். அதுவும் இதே குடும்பம்.

சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணில் கோளாறு தொடங்கும். மின்னும் கோணல்மாணல் கோடு ஒன்று ஓரத்தில் தோன்றி, மெல்ல விரிந்து, நடுவே பார்வையை மறைத்து, 5 முதல் 60 நிமிடத்துக்குள் மறைந்துவிடும். விரல் நுனியில் தொடங்கி உதடு வரை ஏறும் மதமதப்பாகவும் வரலாம். இது ஆரா. மெல்லப் பரவுவதுதான் இதன் அடையாளம். பக்கவாதத்தில் எல்லாம் ஒரே கணத்தில் விழும். முதல்முறை வரும்போது மருத்துவரைப் பார்க்காமல் இருக்க வேண்டாம்.

டென்ஷன் தலைவலி எளிது. இரண்டு பக்கமும் அழுத்தும், நடந்தால் வலி ஏறாது, வாந்தி இராது, 30 நிமிடம் முதல் 7 நாள் வரை நீடிக்கும். ஏறக்குறைய எல்லோருக்கும் என்றைக்காவது வரும். மாதத்தில் 15 நாளைத் தாண்டினால்தான் வைத்தியம் பெரிதாகிறது.

கிளஸ்டர் அரிது, ஆனால் வலிகளில் மிகக் கொடியது. ஒரு கண்ணைச் சுற்றி மட்டும். 15 முதல் 180 நிமிடம். அந்தப் பக்கக் கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைக்கும், இமை தொங்கும். தினமும் அதே நேரத்துக்கு, பெரும்பாலும் நள்ளிரவில், எழுப்பிவிடும். சில வாரங்கள் இப்படிப் படுத்திவிட்டு மாதக்கணக்கில் காணாமல் போகும். ஆண்களுக்கே அதிகம். பல்லைப் பிடுங்கியும் சைனஸைக் கழுவியும் தீராமல், சரியான பெயர் கிடைக்கவே பலருக்கு வருடங்கள் ஆகின்றன. இதே மாதிரி, ஆனால் 2 முதல் 30 நிமிடமே நின்று ஒரு நாளைக்குப் பல தடவை வந்தால் அது வேறு வகை. இண்டோமெத்தசின் என்ற ஒரே மருந்துக்கு முற்றாக அடங்கிவிடும்.

சின்னச் சின்ன உருப்படிகளும் அந்த வகைப்பாட்டில் உண்டு. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டாவை அவசரமாக உறிஞ்சும்போது நெற்றியில் சுரீரென்று ஏறி, சில நிமிடங்களில் இறங்குவதற்குக்கூடத் தனி இடம் இருக்கிறது. இறுக்கமான ஹெல்மெட்டால் வருவது, சடையை இழுத்துப் பின்னி கனமாகப் பூ வைத்தால் வருவது என்று அவையும் பட்டியலில் உள்ளன. வைத்தியம் தேவையில்லை. ஹெல்மெட்டை ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள்; கழற்றி வைக்காதீர்கள்.

படி 4: பொய்க் குற்றவாளிகள்

கண்ணாடி தேவைப்பட்டுப் போடாமல் இருந்தால் படிக்கும்போது நெற்றி வலிக்கலாம். வாந்தியோடு ஒரு நாள் முழுக்கப் படுக்கப் போடும் வலிக்குக் கண் பவர் காரணமாவதில்லை. மைக்ரேனில் மூக்கடைப்பும் கண்ணில் நீரும் வரும் என்பதால் அது சைனஸ் என்று பெயர் வாங்கிவிடுகிறது. சளி பச்சையாக, காய்ச்சலோடு, மோப்பம் போய் இருந்தால் மட்டுமே சைனஸை நினைக்கலாம். சாதாரணமாக 150, 160 என்று நிற்கும் பிரஷர் தலைவலியைத் தருவதில்லை. வலியே பிரஷரைக் கொஞ்சம் ஏற்றும், அந்த நேரத்தில் அளந்துவிட்டு மாத்திரை தொடங்கிவிடுகிறார்கள். கழுத்து இறுக்கம் மைக்ரேனின் பாகம். 40 வயதைத் தாண்டிய யாருடைய கழுத்து எக்ஸ்ரேயிலும் ஏதாவது தேய்மானம் எழுதியிருக்கும்.

ஸ்கேன் யாருக்கு? படி 1-இல் ஏதாவது இருப்பவருக்கு, பரிசோதனையில் நரம்புக் குறை தெரிபவருக்கு, பழைய தலைவலியின் குணமே மாறிவிட்டவருக்கு, கிளஸ்டர் வகைக்காரருக்கு. பல வருடமாக ஒரே மாதிரி வந்து போகும், இடையில் முழுக்க நன்றாக இருக்கும் மைக்ரேனுக்குத் தேவையில்லை. ஆனால் கருவியை வைத்துக் கண்ணின் பின்புறத்தைப் பார்ப்பதும், பிரஷர் அளப்பதும், நடக்கச் சொல்லிப் பார்ப்பதும் எல்லோருக்கும் வேண்டும். அதைச் செய்யாமல் ஸ்கேனுக்கு எழுதுவது எனக்கு உடன்பாடில்லை.

படி 5: சுவர்க் காலண்டரில் ஒரு பேனா

செல்போன் செயலிகள் இருக்கின்றன. நான் பரிந்துரைப்பது அடுப்படியில் தொங்கும் மாதக் காலண்டரை. வலித்த நாளில் ஒரு கோடு. படுக்கப் போட்ட வலியென்றால் இரண்டு கோடு. மாத்திரை போட்ட நாளில் ஒரு வட்டம், எத்தனை என்று உள்ளே எண். மாதவிலக்கு நாளில் ஒரு புள்ளி. விரதம், ஊர்ப்பயணம், ராத்திரி முழிப்பு போன்றவை அச்சடித்த விசேஷங்களின் பக்கத்திலேயே விழுந்துவிடும். மூன்று மாதத் தாளைக் கிழித்து வந்து காட்டினால், அரை மணி நேரம் பேசித் தெரிவதைவிட அதிகம் தெரியும். "எப்பயாச்சும்தான் மாத்திரை போடுவேன்" என்றவர் தாளில் 18 வட்டம் இருக்கும்.

படி 6: வலி வந்துவிட்டது, இப்போது என்ன?

இங்கே மூன்று விதிகள்: சீக்கிரம், போதிய அளவு, அடிக்கடி வேண்டாம்.

மைக்ரேன் மாத்திரையை வலி லேசாக இருக்கும்போதே போட வேண்டும். "தாங்கிப் பாப்போம்" என்று மூன்று மணி நேரம் தாங்கி, வாந்தி தொடங்கியபின் போட்டால் அது வயிற்றிலேயே கிடக்கும். இரண்டாவது, அரை மாத்திரை வைத்தியம் உதவாது. பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 1000 மி.கி., அல்லது இபுபுரூஃபன் 400 மி.கி., அல்லது நேப்ராக்சன் 500 மி.கி. என்பதுதான் வேலை செய்யும் அளவு. இபுபுரூஃபனும் நேப்ராக்சனும் குடல்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது. வலி மாத்திரையால் வீசிங் வந்த அனுபவம் உள்ளவர்களுக்கும் ஆகாது. குமட்டல் இருந்தால் டாம்பெரிடோன் அல்லது மெட்டோகுளோபிரமைடு 10 மி.கி. மருத்துவர் எழுதித் தந்தால் சேர்க்கலாம். வாந்தியை நிறுத்துவதோடு வயிற்றையும் நகர்த்தி மற்ற மாத்திரையை உள்ளே போகவிடும். மெட்டோகுளோபிரமைடில் இளவயதினருக்கு எப்போதாவது கழுத்தும் தாடையும் இழுத்துக்கொள்வதுண்டு. பயமுறுத்தும், ஓர் ஊசியில் சரியாகும்.

இவை மூன்று தாக்குதல்களில் இரண்டுக்காவது கேட்கவில்லையென்றால் அடுத்த படி டிரிப்டான் குடும்பம். சுமட்ரிப்டான் 50 முதல் 100 மி.கி., ரைசட்ரிப்டான் 10 மி.கி. என்பவை வலியைக் கிளப்பும் நரம்பிலேயே போய் அமரும். ஆராவில் போடாமல், வலி தொடங்கியதும் போட வேண்டும். மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கும், பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் தரக் கூடாது. எர்காட்டமின் கலந்த பழைய மாத்திரைகள் இன்னும் ஓடுகின்றன. அதைப் போட்ட 24 மணி நேரத்துக்குள் டிரிப்டான் போடக் கூடாது. டிரிப்டான் நம் ஊரில் குறைவாகவே எழுதப்படுகிறது என்பது என் எண்ணம். ஊசிக்கும் குளுக்கோஸ் பாட்டிலுக்கும் மாதாமாதம் செலவு செய்கிறவர் இதை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

தைலம் தேய்ப்பது, சுக்குப் பற்று, ஈரத்துணி, இருட்டறை எல்லாம் நல்லதே. மாத்திரையோடு சேர்த்துச் செய்யுங்கள், மாத்திரைக்குப் பதிலாக மூன்று மணி நேரத்தை அதில் கழிக்காதீர்கள். மூக்கில் ஏறும் தைல வாசனையே சிலருக்கு வலியைக் கூட்டும்.

படி 7: மாத்திரையே நோயாகும் இடம்

மூன்றாவது விதி இங்கே. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். வலி மாத்திரையை மாதத்தில் பாதி நாள், மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், மூளை அதற்குப் பழகி, மாத்திரை இறங்கும்போதெல்லாம் வலியை எழுப்பும். ஒரே மருந்துள்ள சாதாரண வலி மாத்திரைக்கு எல்லை 15 நாள். டிரிப்டான், எர்காட்டமின், டிராமடால், இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரைகளுக்கு 10 நாள். பெட்டிக்கடையில் டீயோடு வாங்கிப் போடும் தலைவலி மாத்திரைகளில் பலவும் காஃபீன் சேர்ந்த கலவைகள், ஆகவே அவற்றுக்கும் 10. நாளைத்தான் எண்ணுகிறோம், மாத்திரையை எண்ணுவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

அடையாளம் தெளிவாக இருக்கும்: வலியோடேயே கண்விழிப்பது, மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் விடுவது, மறுபடி அதே இடத்தில் பிடிப்பது. "ஒரு டீயும் ஒரு மாத்திரையும் உள்ள போனாத்தாண்ணே வேலையே ஓடும்" என்று சொல்கிறவர் இதில் சிக்கியிருக்கிறார். நாளுக்கு ஏழெட்டு டீ குடிப்பவருக்கு, விரத நாளில் அது நின்றதும் வரும் தலைவலியும் இதன் பங்காளிதான்.

வெளியே வரும் வழி நிறுத்துவது. சாதாரண வலி மாத்திரையையும் டிரிப்டானையும் ஒரேயடியாக நிறுத்தலாம். டிராமடால் போன்றவற்றையும், தூக்க மருந்து கலந்தவற்றையும் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். 2 முதல் 10 நாள் வரை வலி முன்னைவிட மோசமாகும். குமட்டல், தூக்கமின்மை, எரிச்சல் வரும். அதனால் சித்திரைத் திருவிழா நடுவிலோ பிள்ளைக்குப் பரீட்சை நடக்கும்போதோ தொடங்காதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் மாமியாரே இரக்கப்பட்டு ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்துவிடுவார். கூடவே தடுப்பு மருந்தையும் ஆரம்பித்துவிட்டால் வழுக்குவது குறைவு. இரண்டு மாதத்தில் பலருக்கு வலி நாட்கள் பாதியாகக் குறைந்துவிடும், அப்போதுதான் அடியில் இருந்த பழைய மைக்ரேன் மறுபடி கண்ணுக்குத் தெரியும்.

படி 8: தடுப்பு மருந்து

மாதத்தில் 4 நாளுக்கு மேல் வேலையைக் கெடுக்கும் வலி என்றாலோ, வலி மாத்திரை சேராதவர் என்றாலோ, தினமும் சாப்பிடும் தடுப்பு மருந்து பற்றிப் பேசலாம். இவற்றில் பழையவை எல்லாம் வேறு நோய்க்காக வந்தவை. அதனால் மருந்துக் கடையில் "இது பிரஷர் மாத்திரையாச்சே", "இது மனநோய் மாத்திரையாச்சே" என்று யாராவது சொல்ல, மறுநாளே நிறுத்திவிடுகிறார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: புரொப்ரனலால் பிரஷருக்கும் தருவது, ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்குத் தரும் அளவைவிட மிகக் குறைவாக, இரவு 10 மி.கி. என்று தொடங்குவது, தூக்கம் கெட்டவருக்கும், டென்ஷன் தலைவலி நாள்பட்டவருக்கும் நல்லது, வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கும். ஃபுளுனரிசின் இரவில் 5 அல்லது 10 மி.கி.; எடை கூடும், மனச்சோர்வு உள்ளவருக்கும் வயதானவருக்கும் தவிர்க்க வேண்டும். டோபிரமேட் வலிப்பு மருந்து. எடையைக் குறைக்கும், விரல் நுனி மதமதக்கும், சிறுநீரகக் கல் வந்தவருக்கு வேண்டாம். மதுரை வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்குக் கல் பயம் நிஜமானது. டோபிரமேட்டும் வால்புரோயேட்டும் வயிற்றுக் குழந்தைக்குக் கேடு செய்பவை. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு மைக்ரேனுக்காக வால்புரோயேட் தரவே கூடாது. கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் பெண்ணின் அம்மா இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலிக்கும் நாள்பட்ட மைக்ரேனுக்கு, 12 வாரத்துக்கு ஒருமுறை தலையிலும் கழுத்திலும் 31 இடங்களில் போடும் போடாக்ஸ் ஊசி இருக்கிறது. சிஜிஆர்பி என்ற, நரம்பில் சுரந்து வலியைக் கிளப்பும் பொருளைத் தடுக்கும் ஊசிகளும் 2018 முதல் உலகச் சந்தையில் உண்டு. மைக்ரேனுக்கென்றே உருவானவை, பக்கவிளைவு குறைவு, விலைதான் நம் பக்கத்துச் சம்பளத்துக்கு எட்டாதது. பழையவை இரண்டு மூன்றை ஒழுங்காகப் பார்த்துவிட்டு நரம்பியல் மருத்துவரிடம் இதைப் பேசுங்கள்.

ஒழுங்காகப் பார்ப்பது என்றால், சரியான அளவில் 8 முதல் 12 வாரம். பத்து நாளில் "கேக்கல" என்று மாற்றினால் எந்த மருந்தும் கேட்காது. வலி நாட்கள் பாதியானால் அது வெற்றி. காலண்டர் இல்லாமல் அந்தப் பாதியைக் கண்டுபிடிக்க முடியாது.

கிளஸ்டருக்கு வைத்தியமே வேறு. தாக்குதலின்போது முகமூடி வழியாக நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் சுத்த ஆக்சிஜன், 15 நிமிடம், நிமிர்ந்து உட்கார்ந்து. வாடகை சிலிண்டரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். புகைப்பவர் பக்கத்தில் வரக் கூடாது. சுமட்ரிப்டான் 6 மி.கி. தோலடி ஊசியும் வேகமாகக் கேட்கும், மாத்திரை வேலை செய்வதற்குள் தாக்குதலே முடிந்துவிடும். தடுப்புக்கு வெராபமில், அதற்கு முன்னும் அளவு கூட்டும்போதும் ஈசிஜி. அந்தச் சீசன் முடியும்வரை மதுவைத் தொடாமல் இருப்பது முக்கியம்.

படி 9: பெண்களுக்குச் சில சொற்கள்

மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் மட்டும் வரும் மைக்ரேன் பிடிவாதமானது. நாள் தவறாமல் விலக்காகிறவர் என்றால் அந்த ஐந்தாறு நாளைக்கு மட்டும் நேப்ராக்சன் என்று மருத்துவரிடம் திட்டமிடலாம். ஆரா உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைச் சாப்பிடக் கூடாது, பக்கவாத ஆபத்து கூடும். எழுதித் தரும் மகப்பேறு மருத்துவரிடம் ஆராவைப் பற்றி நீங்களே சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் பலருக்கு மைக்ரேன் தானாகவே அடங்கும், தேவைப்பட்டால் பாராசிட்டமால். மாதவிடாய் நிற்கும் வருடங்களில் ஒருமுறை கொந்தளித்துவிட்டுக் குறைவதும் வழக்கம்.

படி 10: அன்றாடத்தை ஒழுங்காக்குவது

மைக்ரேன் மூளைக்கு மாற்றம் பிடிக்காது. தூங்கா நகரம் என்று பெருமை பேசிக்கொண்டு ராத்திரி ஒரு மணிக்குக் கறிதோசை சாப்பிட்டு, மறுநாள் பத்து மணிவரை தூங்கினால் வலி வரும். குறைந்த தூக்கம் மட்டுமில்லை, ஞாயிற்றுக்கிழமை கூடுதல் தூக்கமும் கிளப்பும். காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பது இன்னொன்று. டியூஷனுக்கு வெறும் வயிற்றோடு ஓடும் பிள்ளைகளுக்கு மதியம் வரும் வலிக்கு முதல் வைத்தியம் இரண்டு இட்லி. சஷ்டி விரதமோ ரமலான் நோன்போ இருப்பவர்கள் முந்தைய வாரமே டீயைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டால் முதல் நாள் வலி மட்டுப்படும்.

தலைக்குக் குளித்தால் வலி வருகிறது என்று நம் பெண்கள் சொல்வதைச் சிரித்து ஒதுக்கும் மருத்துவர்கள் இருந்தார்கள். இந்தியத் தலைவலி மருத்துவர்கள் அதை ஆராய்ச்சி இதழிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். நீளமான முடி, ஈரத்தோடு கட்டுவது, எண்ணெய் ஊறவிட்டுப் பசியோடு காத்திருப்பது என்று பல சேர்கிறது. சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்கு முன் குளித்து, முடியை உலர்த்திவிட்டுக் கட்டிப் பாருங்கள்.

மல்லிகை விஷயம் கொஞ்சம் வருத்தமானது. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மதுரை மல்லியின் வாசனையே சிலருக்கு வலியைக் கிளப்பும். மூடிய காரிலோ கல்யாண மண்டபத்திலோ சரம் சரமாக இருக்கும்போது கூடுதல். சித்திரை வெயிலுக்குக் குடை, தண்ணீர், கருப்புக் கண்ணாடி. வீட்டுக்குள்ளே கருப்புக் கண்ணாடி வேண்டாம், கண் இன்னும் கூசப் பழகிவிடும். ஆனால் நூறு உணவுகளைப் பட்டியலிட்டு ஒதுக்குவதை நான் ஆதரிப்பதில்லை. தாக்குதல் தொடங்கும் முன்னறிகுறியாகவே இனிப்பு மேல் ஆசை வருவதுண்டு; பழி மைசூர்பாகு மேல் விழுகிறது. ரேஸ்கோர்ஸில் வாரத்துக்கு மூன்று நாள் வேகமாக நடப்பதற்கு எந்தப் பத்தியத்தைவிடவும் ஆதாரம் இருக்கிறது.

படி 11: எப்போது நிறுத்துவது?

மூன்றாம் மாதம் காலண்டர் தாள்களோடு போங்கள். கோடுகள் பாதியாகியிருந்தால் அதே மருந்தை ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடர்ந்து, பிறகு சில வாரங்களில் மெதுவாகக் குறைக்கலாம். புரொப்ரனலாலை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, இதயம் படபடக்கும். குறைக்கும் மாதமாகப் பங்குனி, சித்திரையைத் தேர்ந்தெடுக்காமல் ஆவணிக்கு மேல் வைத்துக்கொள்ளச் சொல்வேன். குறைக்கும்போது கோடுகள் மறுபடி ஏறினால் கடைசியாக நன்றாக இருந்த அளவுக்கே திரும்பலாம். இன்னொரு ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை.